நாற்பது அடி தூரத்துக்கு நான்கு மெயில்

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் ஸ்டேப்ளர் வேண்டுமென்றாலும் மெயில் போடுகிற ஆள் நான். கேட்டால், "எழுத்துல இருந்தாதான் சார் ஆதாரம்" என்பேன். உண்மையான காரணம் பயம். நேரில் பேச வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். மெயிலில் அந்தத் தொல்லை இல்லை. எழுதி, அழித்து, மறுபடி எழுதி அனுப்பும்போது என்னைவிடக் கம்பீரமான மனிதன் வேலூர் வட்டாரத்திலேயே கிடையாது.

என் வேலை என்ன தெரியுமா? வெளிநாட்டில் ஷூ வாங்குகிறவர்கள் சொல்வதை நம் ஆட்களிடம் சொல்வது. நம் ஆட்கள் சொல்வதை அவர்களிடம் சொல்வது. (பேசப் பயப்படுகிறவனுக்கு இந்த வேலையைக் கொடுத்த மேனேஜரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் எழுத்துத் தேர்வு மட்டும்தான் வைத்தார்.) ஆறு மாதம் தற்காலிகம், பிறகு நிரந்தரம் என்று பேச்சு. ஐந்தரை மாதம் முடிந்திருந்தது. வாணியம்பாடியில் எங்கள் தெருவில் பாதிப் பேரிடம் நிரந்தரமாகிவிட்டது என்றே அம்மா சொல்லிவிட்டிருந்தார்.

என் கண்ணாடி அறையிலிருந்து நாற்பது அடி தள்ளி தையல் செக்ஷன். அதன் சூப்பர்வைசர் பர்வீன் அக்கா. நூறு மிஷின் ஓடினாலும் அதற்கு மேலே கேட்கிற குரல். சேர்ந்த முதல் நாள் மரியாதைக்கு அறிமுகம் செய்துகொள்ளப் போனேன். ஏதோ முனகினேன்.

"இன்னா?" என்றார்.

மறுபடி முனகினேன்.

"இன்னாஆ?"

மூன்றாவது 'இன்னா' வந்தபோது நான் என் அறைக்குள் இருந்தேன். அன்றிலிருந்து தையல் செக்ஷனோடு எனக்கு மெயில் உறவு மட்டும்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஜெர்மனியிலிருந்து கிளாரா என்ற அம்மையார் எழுதியிருந்தார். பழுப்பு ஷூவுக்கு வெள்ளை நூல் வேண்டாம், கருநீல நூலில் தைக்கவும். படித்துவிட்டு நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பர்வீன் அக்கா மிஷின் மிஷினாக நூல்கண்டு கொடுத்துக்கொண்டு போகிறார். அத்தனையும் வெள்ளை.

எழுந்துபோய் "அக்கா, நூலை மாத்துங்க" என்றால் மூன்றே சொல். நான் உட்கார்ந்து ஐந்து பத்தி எழுதினேன். நூலின் நிறம் ஒரு ஷூவின் அழகுக்கு எவ்வளவு முக்கியம் என்று ஒரு தனிப் பத்தி. அனுப்பிவிட்டுப் பார்த்தேன். வெள்ளை நூல் ஓடியது. பதினொரு மணிக்கு 'ஜென்டில் ரிமைண்டர்'. நூல் ஓடியது. சாப்பாட்டுக்கு அப்புறம் 'கைண்ட் ரிமைண்டர்'. அதற்கும் அது மசியவில்லை.

இதில் கொடுமை எது தெரியுமா? மூன்று மணி டீக்கு கேன்டீன் பெஞ்சில் பர்வீன் அக்கா என் பக்கத்தில்தான் வந்து உட்கார்ந்தார்.

"சாப்ட்டியா தம்பி?"

"சாப்ட்டேன்க்கா."

"இன்னா ஒரு மாரியா இருக்கே?"

"ஒண்ணுமில்லக்கா."

பன்னை டீயில் தோய்த்துத் தின்றுவிட்டு எழுந்து வந்து நான்காவது மெயில் எழுதினேன். இந்த முறை கோபம். 'திரும்பத் திரும்ப எழுத்துபூர்வமாகத் தெரிவித்தும் தையல் செக்ஷன் செவிசாய்க்க மறுக்கிறது.' மேனேஜரும் பார்க்கட்டும் என்று, காலையில் வந்த மெயிலிலேயே 'எல்லோருக்கும் பதில்' பொத்தானை அழுத்தினேன். அந்த எல்லோரில் கிளாராவும் உண்டு என்பது அழுத்திய பிறகு தெரிந்தது.

பத்தே நிமிடத்தில் கிளாராவிடமிருந்து ஒரு வரி, அதுவும் எல்லோருக்கும்: 'நீங்களும் தையல் செக்ஷனும் ஒரே கட்டடத்தில்தானே இருக்கிறீர்கள்?'

மேனேஜர் என் அறைக்கு நடந்தே வந்தார்.

"பர்வீன் எங்கப்பா இருக்காங்க?"

கண்ணாடி வழியே கை காட்டினேன்.

"கை நல்லாதான் வேலை செய்யுது. காலும் வேலை செய்யுதான்னு பாரு. போ."

அந்த நாற்பது அடியை நான் கடந்த விதத்தைப் பார்த்திருந்தால் யாரோ தூக்குமேடைக்குப் போகிறான் என்று நினைத்திருப்பீர்கள். பர்வீன் அக்காவிடம் போய் முனகினேன். "இன்னா?" என்றார். முனகினேன். அவர் கையைத் தூக்கி ஏதோ சைகை காட்ட, அந்த வரிசை நின்றது, அடுத்த வரிசை நின்றது, கடைசியில் செக்ஷனே அடங்கிப்போனது. அந்த அமைதியில் நான் சொன்ன "சாரிக்கா, நூல் தப்பு" நூறு பேருக்கும் கணீரென்று கேட்டது.

"மிஷின் சத்தத்துல காதே கேக்க மாட்டேங்குது, அதான் கத்தறேன். எப்போ தெரியும் உனக்கு?"

"காலைல. மெயில் போட்டேன்க்கா. நாலு."

"மெயிலா? எனக்கா?"

அவர் திரும்பிப் பார்த்த திசையில் செக்ஷனின் கம்ப்யூட்டர் இருந்தது. தூசி படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு, அதன் மேல் அழகாக அடுக்கியிருந்தார்கள், வெள்ளை நூல்கண்டுகளை.

"டீ குடிக்கசொல்ல பக்கத்துலதானே உக்காந்திருந்தே? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நான் இன்னா கடிச்சா துன்னுடுவேன்?"

குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகம். நூறு பேர் சிரித்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அதைத் தாங்க முடியவில்லை.

முந்நூற்று இருபது ஜோடி தைத்தாகிவிட்டது. "பிரிச்சுத் தைக்கலாமாக்கா?" என்றேன்.

"துணியா தம்பி அது? தோல்ல ஊசி போனா ஓட்டை ஓட்டைதான். அந்தம்மாவுக்கு வீடியோ கால் போடு."

"முதல்ல ஒரு மெயில்..."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் போனை எடுத்தேன்.

கிளாரா திரையில் வந்தார். நான் "ஹலோ மேடம்" வரைக்கும் போனேன். அதற்கு மேல் வண்டி நகரவில்லை. பர்வீன் அக்கா என்னைத் தோளால் நகர்த்திவிட்டு, தைத்த தோலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"மேடம், மிஸ்டேக். திஸ் பாய் மிஸ்டேக். பட் ஸ்டிட்ச் குட். சீ, சீ!"

('பார், பார்' என்ற பொருளில்தான் சொன்னார். எனக்கு அப்போது அப்படிக் கேட்கவில்லை.)

கிளாரா சிரித்துவிட்டார். கிட்டத்தில் காட்டச் சொன்னார், திருப்பிக் காட்டச் சொன்னார். அதற்குள் என் நாக்கும் மேலண்ணத்திலிருந்து இறங்கியிருந்தது. நடந்ததை உள்ளபடி சொன்னேன். தவறு தையல் செக்ஷன்மேல் இல்லை, என்மேல் என்பதையும் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். தைத்தவரை வெள்ளை நூலோடு தனியாக அனுப்புங்கள், சின்னக் கடைகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறேன், மீதி எல்லாம் கருநீலம் என்றார். இனிமேல் மாற்றம் எதுவானாலும் எங்கள் இருவரிடமும் போனில் சொல்லிவிட்டுத்தான் எழுதுவாராம்.

வேலை போகவில்லை. தற்காலிகத்தை மூன்று மாதம் நீட்டினார் மேனேஜர். தினமும் இரண்டு தடவை தையல் செக்ஷனுக்கு நடந்து போக வேண்டும் என்பது கூடுதல் உத்தரவு. (அதை மட்டும் மெயிலில் அனுப்பினார்.) முதல் வாரம் தண்டனை மாதிரி இருந்தது. இரண்டாவது வாரத்திலிருந்து என் குரல் மிஷினுக்கு மேலே கேட்க ஆரம்பித்தது. கம்ப்யூட்டரின் உறையும் கழன்றது. எதையும் நேரில் பேசி முடித்ததும், "இதை எழுத்துலயும் போட்டுரு தம்பி, நாளைக்கு பேஜார் வேணாம்" என்று பர்வீன் அக்காவே ஞாபகப்படுத்துவார். மூன்று மாதம் கழித்து அம்மா தெருவில் சொல்லியிருந்தது நிஜமாகிவிட்டது.

என் கல்யாணத்துக்கு பர்வீன் அக்கா தையல் செக்ஷனில் பாதியைக் கூட்டிக்கொண்டு வந்தார். மேடையில் என் மனைவி கவிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "இந்தாம்மா, இவன்கிட்ட இன்னா கேக்கணும்னாலும் மெயில் போடு. பக்கத்துலயே உக்காந்து பதில் எழுதுவான்!"

அதோடு என் மானம் போயிற்று. இரண்டு குடும்பத்திலும் என் பெயரே 'மெயில் மாப்பிள்ளை' ஆகிவிட்டது. வீட்டில் நான் சொல்ல வந்ததை மென்று விழுங்கினால், "நேர்ல சொல்றீங்களா, மெயில் போடறீங்களா?" என்று கவிதா கேட்பாள். போன வாரம் கூடக் கேட்டாள். நேரிலேயே சொன்னேன், குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று.

சில விஷயங்களுக்கு மெயிலே பாதுகாப்பு.