பைரவிக்கு ஒரு பட்டுச் சட்டை

"பிள்ளைக்கு எத்தன வயசு ஆகுது சார்?" என்று ரங்கநாதன் தெரு ரெடிமேட் கடைக்காரர் கேட்டார்.

"ரெண்டு முடிஞ்சு மூணு" என்றார் ஜெயராம். அது பொய்யில்லை.

கடைக்காரர் மூன்று வயதுக்கான கவுன்களை எடுத்து மேஜைமேல் பரப்பினார். ஜெயராம் சட்டைப்பையிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்து நீட்டினார். அதில் மார்பளவுக்கு ஒரு முடிச்சும் இடுப்பளவுக்கு ஒரு முடிச்சும் போட்டிருந்தது. கடைக்காரர் முதல் முடிச்சைப் பார்த்தார், இரண்டாவது முடிச்சைப் பார்த்தார், பிறகு ஜெயராமைப் பார்த்தார்.

"நெஞ்சு ஆறு வயசுப் பிள்ளைக்கு உள்ளது. இடுப்பு கைப்பிள்ளைக்கு உள்ளதுல்லா இருக்கு. டாக்டர்ட்ட காமிச்சியளா?"

"காமிச்சாச்சு. நன்னாத்தான் இருக்கு. நன்னா ஓடறது."

"கை நீளம்?"

ஜெயராம் தயங்கினார். "கையும் காலும் ஒரே நீளம்."

கடைக்காரர் கயிற்றைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தார். குரலைத் தாழ்த்தி, தங்கள் ஊர்ப்பக்கத்துக் கோயில் ஒன்றின் பெயரைச் சொல்லி, அங்கே நேர்ந்துகொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். மார்புக்குப் பொருந்துகிற ஒரு நீல வெல்வெட் கவுனை மிகுந்த அனுதாபத்தோடு பையில் போட்டுக் கொடுத்தார்.

நேர்ந்துகொள்ள வேண்டிய அந்தப் பிள்ளை, மயிலாப்பூரில் ஜெயராம் வீட்டு வாசலில் வாலை ஆட்டிக்கொண்டு காத்திருந்தது. பெயர் பைரவி. ஜெயராம் கல்லூரியில் சரித்திரம் நடத்துபவர்; மனைவி ஸ்ரீலக்ஷ்மி வீணை சொல்லித்தருபவள். பைரவரின் வாகனத்துக்கு ஒரு ராகத்தின் பெயரும் அமைந்துவிட்டதில் அவளுக்கு ஏகத் திருப்தி. ஜாதி என்ன என்று கேட்பவர்களுக்கு ஜெயராம் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: அப்பா பொமரேனியன், அம்மா மந்தைவெளி.

இத்தனைக்கும் காரணம் எதிர்வீட்டு மாடியில் குடியிருந்த கனகராஜ். சினிமாக் கம்பெனி ஒன்றில் புரொடக்‌ஷன் மேனேஜர். ஸ்கூட்டரை அணைக்காமலே வாசலில் நின்று, ஒரு படத்துக்கு உங்கள் நாய் வேண்டும், பெரிய பங்களா வீட்டு நாய், ஞாயிற்றுக்கிழமை காலை கோடம்பாக்கத்துக்குக் கூட்டிவந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தை ஸ்ரீலக்ஷ்மி சேர்த்துக்கொண்டாள்.

"பங்களா நாய்ன்னா சட்டை போட்டுண்டு இருக்காதோ? பல் டாக்டர் கிட்ட போனப்போ இங்கிலீஷ் புஸ்தகத்துல பாத்தேன். லண்டன்ல ஒரு நாயும் வெறும் உடம்போட வெளில வரதில்லை" என்றாள். நாலு பேர் பார்க்கிற இடத்தில் நம்மாத்துப் பெண் அப்படி நிற்பதாவது என்று அவள் கேட்டதும் ஜெயராம் அளவெடுக்கச் சணல் கயிற்றைத் தேடினார். அன்று சாயங்காலத்துக்குள் பைரவி நடிக்கப்போகிற செய்தி தெருக்கோடி வரை போய்விட்டது.

நீலக் கவுன் மார்புக்குப் பொருந்தியது. மற்ற எங்கேயும் பொருந்தவில்லை. பாவாடைப் பகுதி தரையில் புரண்டது. பைரவி இரண்டடி வைத்து, அதை மிதித்து, மூக்கு தரையில் இடிக்க விழுந்தாள். ஸ்ரீலக்ஷ்மி விளிம்பை மடித்து ஊக்குகள் குத்தினாள். ஊக்கு பைரவியைக் குத்த, அவள் ஆறுதல் தேடி ஜெயராம் மடியில் ஏறி உட்கார, ஊக்கு அவரையும் குத்தியது.

பழகினால் சரியாகிவிடும் என்று அவர் அவளை மந்தைவெளிப் பக்கம் நடத்திக்கொண்டு போனார். அங்கேதான் அவளுடைய தாய்வழிச் சொந்தங்கள் இருந்தன. பிறந்ததிலிருந்து அவளைப் பார்த்த நாய்கள்தாம். ஆனால் நீல வெல்வெட்டில் வருவது யார் என்று ஒன்றுக்கும் தெரியவில்லை. எல்லாம் சேர்ந்து துரத்தின. பைரவி சங்கிலியை உருவிக்கொண்டு ஓடி, முதலில் திறந்திருந்த கடைக்குள் புகுந்து, தையல் மிஷினுக்கு அடியில் பதுங்கினாள். கவுனில் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

அது ஷரஃபுதீனின் கடை. ஸ்ரீலக்ஷ்மியின் ரவிக்கைகள் எல்லாம் அங்கேதான் தைப்பது. ஜெயராம் இதைத் தெய்வச் செயலாக எடுத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

"இன்னா சார் நீங்க. நான் லேடீஸ் டெய்லர். லேடீஸ்க்கு மட்டும்தான் தைக்கிறது."

"இதுவும் லேடீஸ்தான்" என்றார் ஜெயராம்.

ஷரஃபுதீன் குனிந்து பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் டேப்பை எடுத்தார். கழுத்தளவுக்குப் பைரவி சம்மதித்தாள். மார்புக்கும் சம்மதித்தாள். வாலுக்கு அருகே போனதும் டேப்பை வாயில் வாங்கிக்கொண்டாள், திருப்பித் தரவில்லை. மிச்சத்தைக் கண்ணளவாகவே பார்த்துக்கொள்வதாக அவர் சொல்லிவிட்டார்.

துணி மட்டும் பாக்கி. பங்களாவுக்கு அரக்குப் பட்டுதான் எடுப்பாக இருக்கும் என்று ஸ்ரீலக்ஷ்மி தீர்மானித்தாள். நிறம் தெரிவதற்காக, தன் கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்த ஜரிகை ரவிக்கையைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்து, இதுமாதிரித் துணியில் தைக்கச் சொல்லுங்கோ என்றாள். மறுநாள் காலை ஜெயராம் கடை வாசலில் நிற்கும்போதே பல்லவன் பஸ் வந்துவிட்டது. பொட்டலத்தை மேஜைமேல் எறிந்துவிட்டு, "இதுல தைச்சிடுங்கோ" என்று சொல்லிக்கொண்டே ஓடி ஏறினார்.

சனிக்கிழமை சட்டை வந்தது. பைரவிக்கு மாட்டியதும் ஜெயராம் அசந்துபோனார். தோல்போல ஒட்டிக்கொண்டு நின்றது. கழுத்தில் பைப்பிங், முன்னங்காலுக்கு உப்பலாகப் புட்டாக்கை, முதுகு நெடுகிலும் ஜரிகை, வயிற்றில் வரிசையாகக் கொக்கிகள். பைரவியே பீரோக் கண்ணாடி முன்னால் நின்று இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள்.

காபியோடு வந்த ஸ்ரீலக்ஷ்மியும் நின்று ரசித்தாள். "அச்சு அசலா அதே கலர் பிடிச்சிருக்காரே" என்றாள். குனிந்து ஜரிகையைத் தடவினாள். பிறகு கொக்கிகளைத் தடவினாள். அப்புறம் தடவவில்லை.

கோபம் வந்தால் பேசுகிறவள் அவள். மிகவும் கோபம் வந்தால் பேசமாட்டாள். அன்று பகல் முழுக்க வீட்டில் பேச்சே இல்லை. ஜெயராம் தானே தட்டெடுத்து, தானே பரிமாறிக்கொண்டு, தானே அலம்பி வைத்தார். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்துதான் அவள் வாயைத் திறந்தாள்.

"போறது போங்கோ. நான் போட்டுண்டப்போ ரிசப்ஷனுக்கு வந்தவாதான் பாத்தா. இவ போட்டுண்டா ஊரே பாக்கப்போறது. என் ரவிக்கை சினிமாஸ்கோப்புல வரப்போறது."

ஜெயராமுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஸ்ரீலக்ஷ்மி அந்தக் கையோடு தெருவில் போய் ரவிக்கை கதையையும் சொன்னாள். படம் வந்ததும் முதல் நாளே எல்லோரும் சேர்ந்து போவதென்று பெண்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

ஞாயிறு காலை ஆட்டோவில் பைரவி இருவருக்கும் நடுவே, பட்டு கசங்காமல், நாதஸ்வரக் கச்சேரி கேட்கப் போகிறவள்போல் உட்கார்ந்து வந்தாள். சொன்ன இடத்தில் பங்களாவும் இல்லை, பளீர் விளக்குகளும் இல்லை. தடித்த கதவுக்குப் பின்னால் குளிரூட்டிய இருட்டறை, ஒரு வெள்ளைத் திரை, நடுவே கம்பத்தில் ஒரு மைக். மேக்கப் ரூமாக இருக்கும் என்று ஸ்ரீலக்ஷ்மி காதோடு சொன்னாள்.

காதில் ஹெட்போன் மாட்டிய நீரஜா என்ற பெண் வந்தாள். சவுண்ட் அசிஸ்டென்ட் என்று சொல்லிக்கொண்டு, பைரவியின் மூக்குக்கு நேராக மைக்கை இறக்கி வைத்தாள். அவள் அந்தப் பக்கம் நகர்வதற்குள் ஸ்ரீலக்ஷ்மி பைரவியின் முதுகு ஜரிகையை நீவிவிட்டு, கேமரா எந்தப் பக்கம் வரும், இவளை எந்தப் பக்கம் திருப்பி நிறுத்தட்டும் என்று விசாரித்தாள்.

"பங்களா நாய் எப்பவோ நடிச்சு முடிச்சிடுச்சு மேடம், அதுக்குக் கொரல் சரியில்லன்னு குலைக்க மட்டும்தான் இதைக் கூப்பிட்டோம்" என்றாள் நீரஜா. "மொதல்ல அந்தச் சட்டையைக் கழட்டிடுங்க, பட்டு சரசரக்கிறது மைக்ல விழுது."