மீனை இறக்காமல் இன்ஜினைக் கழற்றியவன்

ஒரு தொழில் தெரிந்துவிட்டால் எல்லாத் தொழிலும் தெரியும் என்று நம்புகிற வியாதி எனக்கு நெடுநாளாக உண்டு. ஏரிக்கரை ஊரான தோணிரேவில் படகு இன்ஜின் மெக்கானிக் நான். எது கோளாறானாலும் என் கை தானாக ஸ்பேனரைத் தேடும். (ஒருமுறை வீட்டு கிரைண்டரைச் சரிசெய்தேன். அதற்கப்புறம் மாவைச் சுவரிலிருந்துதான் வழித்தோம்.)

எங்கள் கம்ப்யூட்டர் திறப்பதற்குள் ஏரியில் ஒரு வலை விட்டு வாங்கிவிடலாம். அதன் எதிரில் தினமும் சாயங்காலம் என் மனைவி ஸ்டெல்லா காத்திருப்பாள். மகள் ஜெனி நர்ஸ் வேலைக்குக் கோயம்புத்தூர் போனதிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு வீடியோதான் துணை. நாலு வயது ஜெனி கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஆட்டுக்குட்டியாகத் தவழ்ந்து வந்து, மேடையிலேயே தூங்கிப்போனது. அதைப் பார்க்க அவள் அவ்வளவு நேரம் காத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. மீஞ்சூருக்குப் போய், பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போட எஸ்எஸ்டி ஒன்று வாங்கி வந்தேன்.

"இன்னாய்யா இது, பிஸ்கட் மாரி இருக்குது?"

"இதான் புது இன்ஜின். உள்ள எதுவும் சுத்தாது. சும்மா பறக்கும் பாரு."

"வீடியோவுக்கு ஒண்ணும் ஆவாதே?"

"படகுல இன்ஜின மாத்துனா, உள்ள இருக்கிற மீன் எங்க போவும்? நீயே சொல்லு."

மீன்காரர் வீட்டுப் பெண். அந்த வாதத்தில் அவளால் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை.

கடைக்காரர் கொடுத்த பென்டிரைவிலிருந்து விண்டோஸை ஏற்றினேன். கழற்றிய பழைய ஹார்டு டிஸ்க் நல்ல கனம். வாசலில் நண்டு வலைக்கு எடை தேடிக்கொண்டிருந்த ஸ்டெல்லாவின் தம்பி அந்தோணியிடம் பெருந்தன்மையாகத் தூக்கிக் கொடுத்தேன். கட்டிக்கொண்டு போனான்.

சாயங்காலம் பொத்தானை அழுத்தியதும் கம்ப்யூட்டர் திறந்துகொண்டது. ஸ்டெல்லா முகமெல்லாம் சிரிப்பு. வீடியோவைத் தேடினாள். தேடிக்கொண்டே இருந்தாள்.

"யோவ்... புள்ள எங்கய்யா?"

மீன் படகில் இல்லை, இன்ஜினுக்குள் இருந்தது என்று எனக்கு உறைத்தபோது, இன்ஜின் ஏரிக்கு அடியில் இருந்தது.

மறுநாள் காலை அந்தோணி வலையோடு அதைக் கொண்டுவந்தான். "மாமா, இதும்மேல ஒரு நண்டு குந்திகினு இருந்துச்சு. வீடியோ பாக்க வந்துச்சோ இன்னாவோ!"

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. நான் டிஸ்க்கை நல்ல தண்ணீரில் அலசி, கருவாட்டுப் பாயில் காயவைத்தேன். (நனைந்ததைக் காப்பாற்ற எங்களுக்கு வேறு வழி தெரியாது.) மீஞ்சூர் கடைக்காரர் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையை விரித்தார்.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவேயில்லை. சாயங்காலமானால் பழக்கத்தில் வந்து உட்காருவாள். கம்ப்யூட்டர் சட்டென்று திறக்கும். பார்க்க ஒன்றுமில்லாமல் எழுந்து போவாள்.

ஜெனியிடம் போனில் சொன்னேன். "உன்ன யாரு நைனா அதுல கை வெக்க சொன்னது?" என்று சிரித்தாள்.

அடுத்த லீவில் வந்தவள், பையை வைத்ததும் வெள்ளைத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டாள். "மே..." என்று கத்தியபடி கூடத்தில் தவழ்ந்து வந்து, அம்மா மடியில் தலைவைத்துக் கண்ணை மூடினாள். நைட் டியூட்டி முடித்து ரயிலேறி வந்தவள். நிஜமாகவே தூங்கிப்போனாள். ஸ்டெல்லா கால் மரத்துப்போயும் அசையவில்லை. நான் அதைப் போனில் பிடித்தேன். இப்போது தினமும் அந்த வீடியோதான், அழுத்தியதும் வருகிறது.

ஆனால் எங்கள் வீட்டில் யார் எதை மாற்றினாலும், புது போனோ பழைய பீரோவோ, முதலில் ஸ்டெல்லாவின் குரல் கேட்கும்: "மீன எறக்கிட்டியா?"

போன மாதம் நான் பல் பிடுங்க நாற்காலியில் சாய்ந்தபோதும் பக்கத்தில் நின்று கேட்டாள்.