சாம்பல் தூதரின் இடது கால்

ஒரு மனிதன் ஏன் நொண்டுகிறான் என்று தெரியாமலேயே இந்த உலகம் இருபத்திரண்டு ஆண்டுகள் சூரியனை எப்படிச் சுற்றிவந்தது என்பது விஞ்ஞானத்துக்கே விளங்காத புதிர். அந்த இருண்ட காலத்துக்கு முடிவு கட்டிய பெருமை, ‘தூசிக் கோள்’ விண்வெளிப் படங்களைத் தயாரிக்கும் நிறுவனத்தின் முன்கதைப் பிரிவையே சேரும்.

கதையில் நடந்ததைச் சொல்வது சாதாரண நிறுவனங்களின் வேலை. கதைக்கு முன்னால் நடந்ததைச் சொல்வது உயர்ந்த நிறுவனங்களின் வேலை. முதல் படத்தில் விண்கலத்தின் கதவு திறக்கும்போதெல்லாம் ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் வரும். எண்ணெய் போட மறந்துவிட்டார்கள் என்று அன்றைக்கு விவரமில்லாதவர்கள் பேசிக்கொண்டார்கள். முன்கதைப் பிரிவு இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தனிப் படம் எடுத்து, அந்தக் கதவுக்கு இரும்பு வெட்டிய சுரங்கத்தில் புதைந்துபோனவர்களின் அழுகைதான் அது என்று நிரூபித்தது. எண்ணெய் போட மறந்தவருக்கு விழா மேடையில் விருது கொடுத்தார்கள். அவர் ஏன் என்று கேட்காமல் வாங்கிக்கொண்டார்.

அடுத்து வந்தது சாம்பல் தூதரின் இடது கால்.

சாம்பல் தூதர் யார் என்று சொல்ல வேண்டும். ஐந்து படங்களிலும் தலைக்கவசத்தைக் கழற்றாமல் நடந்து வந்து, ஒரு வரி பேசிவிட்டு, நொண்டிக்கொண்டே திரும்பிப் போகும் பாத்திரம். எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார், ஏன் நொண்டுகிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. அவர் திரையில் வந்தால் கொட்டகை கிடுகிடுக்கும். பதினான்கு கிலோ கவசத்துக்குள் இருந்து நடித்தவருக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. படப்பிடிப்புத் தளத்தில் அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. மற்றபடி எல்லோருக்கும் அவர் ‘தூதர்’தான்.

அந்தத் தூதருக்கு ஒரு கடிதம் வந்தது. ‘மூலச் சான்று’ என்ற முறையில் முன்கதைப் பிரிவின் உயர்நிலைக் கூட்டத்தில் கலந்துகொள்ளும்படி அழைத்திருந்தார்கள். தூதருக்கும் அந்த அலுவலகத்தில் ஒரு காரியம் இருந்தது. முழங்கால் மூட்டை இந்த வருடத்துக்குள் மாற்றியாக வேண்டும், தள்ளிப்போட்டால் சக்கர நாற்காலிதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வேலையில் பட்ட அடி என்று நிறுவனம் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், அறுவை சிகிச்சையைத் தொழிலாளர் நல அலுவலகம் பார்த்துக்கொள்ளும். அந்த ஒரு வரிக்காக அவர் ஏழு மாதமாக நடையாய் நடந்துகொண்டிருந்தார். நடக்க முடியாத மனிதரை இத்தனை தூரம் நடக்க வைத்ததும் நிறுவனத்தின் சாதனைதான்.

“கதை கேப்பாங்க, டீ குடுப்பாங்க, தோள்ல கை போட்டு போட்டோ எடுத்துப்பாங்க. நீங்க பாட்டுக்குத் தலையாட்டிட்டு வந்துடாதீங்க” என்றார் அவர் மனைவி. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவருக்கு ஆட்களை எடைபோடத் தெரியும். “நான் தொழிலாளர் ஆபீஸ் வாசல்ல நிக்கறேன். அந்த ஒரு வரியோட வாங்க.”

கூட்ட அறையின் ஒரு சுவர் முழுக்க அவருடைய இடது காலின் படம். அதைச் சுற்றி அம்புக்குறிகள், நூல்கள், வண்ணச் சீட்டுகள். தூதருக்கு ஒரு கணம் கூச்சமாக இருந்தது. மேசையின் தலைப்பக்கத்தில் பிரிவின் தலைவி, பக்கத்தில் எழுத்தாளர், மூலையில் சட்ட ஆலோசகர். சட்ட ஆலோசகர் மட்டும் டீ குடிக்கவில்லை.

“சார், உலகமே கேக்கற கேள்வி. முதல் படத்துல நீங்க ஏன் நொண்டுனீங்க?” என்றார் தலைவி.

“பலகை உடைஞ்சு விழுந்துட்டேம்மா.”

எழுத்தாளர் எழுதினார். பிறகு பேனாவை நிறுத்தினார். “எந்தக் கோளோட பலகை?”

“நம்ம ஸ்டூடியோ ஏழாம் தளத்துப் பலகைதான் தம்பி. விண்கலம் இறங்குற மேடை. நாலாவது நாள். ஆணி அடிக்கிறவர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வரட்டும்னு சொன்னேன். வெளிச்சம் போயிடும், ஏறுங்கன்னாங்க. ஏறினேன், விழுந்தேன். கேமரா ஓடுது, நிறுத்தாதீங்கன்னாங்க. எழுந்து நடந்தேன். அதத்தான் படத்துல வெச்சிருக்கீங்க.”

எழுத்தாளர் தலைவியைப் பார்த்தார். தலைவி சுவரைப் பார்த்தார்.

“நம்பும்படியா இல்லையே சார். இதுல உணர்ச்சியே இல்ல” என்றார் எழுத்தாளர்.

“எனக்கு இருந்துச்சு தம்பி.”

ரசிகர்களிடம் கருத்துக் கேட்டாகிவிட்டது என்று தலைவி விளக்கினார். நாற்பத்தொரு சதவீதம் பேர் துரோகம் கேட்கிறார்கள். முப்பது சதவீதம் காதல். மீதிப் பேருக்கு இரண்டும் வேண்டும். பலகை கேட்டவர் ஒருவர்கூட இல்லை. ஜனநாயகத்தில் பெரும்பான்மைக்குக் காலும் கட்டுப்பட்டதுதானே.

தூதர் டீ டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு, “காரணம் சொல்லித்தான் ஆகணுமாம்மா?” என்றார். “தெரியாததாலதான் ஜனங்க அவனப் பாத்தாங்க. அவங்கவங்க மனசுல ஒரு காரணம் வெச்சுக்கிட்டாங்க. ஒரு தடவ ஒரு அம்மா வந்தாங்க. என் பொண்ணுக்குப் பிறவியிலயே கால் இப்படி, உங்கள மாதிரிதான் நடக்கறேன்னு பள்ளிக்கூடத்துல பெருமையா சொல்லுதுன்னாங்க. அந்தப் பொண்ணுகிட்ட போயி, இல்ல, அவன் கால் போனது துரோகத்தாலன்னு சொல்லணுமா?”

தலைவியின் கண்கள் கலங்கின. முன்கதைப் பிரிவுக்கு இதயம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

“அருமை சார்” என்றார். “இத அப்படியே விளம்பரத்துல போட்டுடலாம்.”

துரோகம் ஏகமனதாக நிறைவேறியது. தூதர் தன் காரியத்தைச் சொன்னார். ஒரு வரி, ஒரு முத்திரை. அப்போதுதான் சட்ட ஆலோசகர் வாயைத் திறந்தார்.

“அந்த நொண்டல் உங்களோடது இல்ல சார்.”

“கால்?”

“கால் உங்களோடது. நொண்டல் நிறுவனத்தோடது. ஒப்பந்தத்துல இருக்கு. பாத்திரத்தோட நடை, குரல், பழக்கம், அதெல்லாம் எப்படி வந்துச்சுங்கிற காரணம், எல்லாமே எங்க சொத்து. பலகைன்னு நாங்க எழுதிக் குடுத்தா அது அதிகாரபூர்வமான முன்கதை ஆயிடும். படத்துல துரோகம், கடுதாசியில பலகையா? ரசிகர்கள் சும்மா விடுவாங்களா?”

இருபத்திரண்டு ஆண்டுகளாக எதற்கும் மறுபேச்சுப் பேசாத மனிதருக்கு அன்றைக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. எழுந்திருக்க மாட்டேன் என்றுவிட்டார். “எழுதிக் குடுங்க, போறேன். இல்லன்னா இங்கயே இருக்கேன். எனக்கு நிக்கத்தான் கஷ்டம், உக்காரக் கஷ்டமில்ல.”

மூவரும் பக்கத்து அறைக்குப் போய் அரை மணி நேரம் ஆலோசித்தார்கள். மனிதாபிமானம் வென்றது. தட்டச்சு செய்து, கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, உறையில் போட்டு ஒட்டி, ‘தொழிலாளர் நல அதிகாரிக்கு’ என்று மேலே எழுதிக் கொடுத்தார்கள். தலைவி தோளில் கை போட்டுப் புகைப்படமும் எடுத்துக்கொண்டார்.

தொழிலாளர் நல அலுவலகத்தில் மனைவி வாசலிலேயே காத்திருந்தார். உறையைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஏழு மாதத்துக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்தது. இருவரும் உள்ளே போய் அதிகாரியின் முன்னால் அமர்ந்தார்கள். அதிகாரி உறையைக் கிழித்துப் படித்தார். அவர் முகமும் மலர்ந்தது.

“அட, இதுதான் காரணமா? இதுல எனக்கும் என் மச்சானுக்கும் எத்தன வருஷச் சண்டை தெரியுமா?” என்று சொல்லிவிட்டு உரக்கப் படித்தார். “‘மேற்படி நபரின் இடது கால் பாதிப்பானது, மூன்றாம் நிலவுப் போரின்போது, உயிருக்குயிராக நம்பியவர்களின் துரோகத்தால், எரியும் பாலத்திலிருந்து விழுந்ததில் ஏற்பட்டது எனச் சான்றளிக்கப்படுகிறது.’”

படித்து முடித்த கையோடு ‘நிராகரிக்கப்பட்டது’ என்ற முத்திரையை எடுத்துக் குத்தினார்.

“போர்க் காயம் எங்க சட்டத்துல வராதும்மா. ராணுவத்துலதான் கேக்கணும்.”

“சார், அது கதை” என்றார் தூதர்.

“கதைன்னு இதுல எழுதலையே. கையெழுத்து இருக்கு, முத்திரை இருக்கு. வேலை செய்யறப்போ பலகை கிலகை உடைஞ்சு விழுந்தார்னு ஒரு வரி இருந்திருந்தா, இப்பவே போட்டுக் குடுத்திருப்பேன்.”

தூதர் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவிதான் கேட்டார்.

“நம்பினவங்க துரோகம் பண்ணிட்டாங்கன்னு போட்டிருக்கே, அது யாருன்னு போட்டிருக்கா சார்?”

அதிகாரி தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“பேர் ஒண்ணும் இல்லையேம்மா. கீழ நிறுவனத்தோட கையெழுத்து மட்டும்தான் இருக்கு.”

“அப்ப சரியாத்தான் எழுதியிருக்காங்க” என்றார் மனைவி.