காரணம் எதுவாயினும்

மட்டாஞ்சேரி
11-8-1978

சிரஞ்சீவி வெங்கிடாசலத்துக்கு, அத்திம்பேர் நீலகண்டன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இரு தரப்பிலும் க்ஷேமம் என்று தொடங்குவதே முறை. என் தரப்பில் அது மெய்யல்ல என்பதால் அவ்வாறு எழுதிக் கையொப்பமிட இயலாது. உன் தரப்பு க்ஷேமத்தை நான் ஆட்சேபிக்கவில்லை.

ஜெர்மனியிலிருந்து நீ அனுப்பிய, நீளப் பிடி போட்ட நார்ப் பிரஷ்ஷே இக்கடிதத்துக்குக் காரணம். தண்ணீரோ எண்ணெயோ படாத வறண்ட உடம்பில், குளிப்பதற்கு முன், பாதத்திலிருந்து இருதயத்தை நோக்கித் தேய்த்தால் ரத்தம் ஓடும், தோல் மினுங்கும் என்று எழுதியிருந்தாய். எவ்வளவு அழுத்தித் தேய்ப்பது என்று எழுதவில்லை. எழுதாததை என் விவேகப்படி நான் நிரப்பிக்கொண்டேன். "கேட்டேளா, உள்ளே சேனை சீவறேளா?" என்று உன் அக்கா கதவைத் தட்டினாள். வெளியே வந்தவனைப் பார்த்து, "ஐயோ, பூனை பிறாண்டினாப்ல இருக்கே!" என்றாள். அதைப் பொருட்படுத்தாமல் தோளில் துண்டுடன் சமூக மடத்துக் குளத்துக்குப் போனேன். படியில் அந்தப் பிச்சுமணி உட்கார்ந்திருந்தான். சென்ற மேட மாத, அதாவது சித்திரை, வெயிலில் முதுகெல்லாம் வேர்க்குருவுடன் குளத்தில் இறங்கப் பார்த்த அவனைத் தடுத்தவன் நான். மடத்துக் காரியதரிசி என்ற முறையில் அதற்கென்றே ஒரு விதியும் எழுதினேன்: 'தோலில் சிவப்போ தடிப்போ காணப்படுபவர், காரணம் எதுவாயினும், அது மறைந்து ஒரு மாதம் கழியும் வரை குளத்தில் இறங்கலாகாது.' வெறும் வேர்க்குருதானே என்று வாதாடுவான் எனத் தெரிந்தே அந்த இரண்டு சொற்களைச் சேர்த்தேன். இன்று அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வக்கீலே, அங்கேயே நில்லும்! இதென்ன சிவப்பு?" என்றான். ஜெர்மன் பிரஷ், ஆரோக்கிய முறை என்று விளக்கினேன். "ஓஹோ! 'காரணம் எதுவாயினும்'னு எழுதினது ஆராக்கும்?" என்றான். படி முழுக்கச் சிரிப்பு. என் விதியில் நானே ஓட்டை தேடினேன், ஒன்றுகூட இல்லை. அவ்வளவு கெட்டியாக எழுதித் தொலைத்திருக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆவணி அவிட்டம். இந்தக் குளத்தில் முங்கி எழுந்தவர்களுக்கே மடத்தில் பூணூல் மாற்ற இடம். எப்போதும் முதல் வரிசையில் அமர்ந்த நான் இவ்வருஷம் வீட்டுக் குழாயடியில் நிற்க, என் பலகையில் பிச்சுமணி உட்காரப்போகிறானாம்! முழுப் பொறுப்பும் உன்னுடையது. அழுத்தத்தின் அளவைச் சொல்லாமல் ஒரு குடும்பஸ்தனுக்குப் பிரஷ் அனுப்புவது கடும் அஜாக்கிரதை. அதை இன்றைய தபாலிலேயே திருப்பி அனுப்புகிறேன். இனி சோப்போ சீப்போ எதுவும் எனக்கு வேண்டாம்.

குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். உன் அகமுடையாளுக்கு என் கோபத்தில் பங்கில்லை என்பதைத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
நீலகண்டன்

பி.கு.: பார்சலை எதிர்பார்க்க வேண்டாம். அரக்கு வைக்கும் நேரத்தில் பிச்சுமணி புழக்கடை வழியாக வந்து, "அந்த சாதனத்தைக் கொஞ்சம் காட்டும்" என்றான். வாங்கி முதுகில் ஒரு இழுப்பு இழுத்தான். கண்ணை மூடிக்கொண்டான். முதுகு முழுக்கச் சிவக்கும்வரை நிறுத்தவில்லை. "வக்கீலே, அந்த ரெண்டு வார்த்தை நமக்கெதுக்கு? வெட்டிக் களையும்" என்றான் கடைசியில். அவன் முன்மொழிய, நான் வழிமொழிய, விதி திருத்தப்பட்டது. இனிக் காரணம் விசாரிக்கப்படும். ஆரோக்கியத்தை முன்னிட்டு ஏற்படும் சிவப்பு, சிவப்பாகாது. ஆனால் பிரஷ்ஷை அவன் திருப்பித் தரவில்லை. ஆகவே உடனே இன்னொன்று அனுப்பவும். பிடி சற்று நீளமாக இருக்கட்டும். அழுத்தத்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம்.