மாவுத் தொட்டியில் விழுந்தது

நாக்கு மூன்றாவது தடவையும் அங்கேயே போனது. சந்தேகமே இல்லை. மேல்வரிசை முன்பல்லின் ஒரு மூலையைக் காணோம்.

பிஸ்கட் ஃபாக்டரியில் அவருடைய வேலையே கடிப்பதுதான். சூட்டடுப்பிலிருந்து வரும் ஒவ்வொரு தட்டிலும் ஒன்றைக் கடித்து, மொறுமொறு சத்தம் சரியா என்று கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். பதினாறு வருடக் கடி. எல்லோருக்கும் அவர் 'கடி சார்'.

உள்ளே நுழையும்போது மோதிரம், கடிகாரம், சட்டைப் பொத்தான் எல்லாவற்றையும் வாசலில் சரிபார்ப்பார்கள். மாவில் விழக்கூடியவை என்று ஒரு பட்டியல் உண்டு. எழுதியவர் அவர்தான். பல்லை எழுத மறந்திருந்தார்.

இப்போது அவர் நின்றது மாவு பிசையும் தொட்டியின் விளிம்பில். மாவின் பக்குவம் தெரியப் பத்து நிமிடமாக அதற்குள் தலையை விட்டு மோந்து பார்த்திருக்கிறார். உள்ளே இருநூறு கிலோ மாவு சுற்றிக்கொண்டிருந்தது. வேலை போவது அப்புறம். ஏதாவது குழந்தையின் தொண்டையில் போய்க் குத்தினால்?

"அண்ணே, நிறுத்துங்க!" கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

மாவு பிசைபவர் மெஷினை நிறுத்தினார். "என்ன சார் ஆச்சு?"

"உப்பு... உப்பு ஜாஸ்தி."

"அவ்ளோதானே?" என்று ஒரு மூட்டை மாவைத் தூக்கி உள்ளே கொட்டிப் பொத்தானை அழுத்தினார் அவர். "சரியாப்போச்சு."

இப்போது இருநூற்றைம்பது கிலோ.

"ஐயோ, நிறுத்துங்கண்ணே! உப்பு கரையல. கட்டியா கிடக்கு. மாவை வெளிய எடுத்துத் தட்டித் தேடணும்."

"மொத்தத்தையுமா? உங்களுக்கு என்ன..." மீதியை விழுங்கினார். "மேனேஜருக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவார். இன்னைக்குக் காலையில நான் முழிச்ச முகம் நல்ல முகம். தொட்டிகிட்ட வந்து திட்ட ஆரம்பிச்ச மனுஷன் பாதியில நிறுத்திட்டுப் போயிட்டார்."

எட்டுப் பேர் மேசையைச் சுற்றி நின்று மாவைத் தட்டினார்கள்.

"கட்டி எவ்ளோ பெருசு சார்?" என்று கேட்டாள் பேக்கிங்காரி.

"நொய் அளவு."

"நொய்யளவு உப்புக்கா இந்தக் கூத்து?"

"வெள்ளையா, கூரா இருக்கும்."

"பின்ன உப்பு கறுப்பாவா இருக்கும்? அது சரி, ஏன் சார் வாயைப் பொத்திட்டே பேசறீங்க?"

"இருமல்."

எட்டுப் பேரும் இரண்டடி பின்னால் போனார்கள். எட்டு முகக்கவசங்கள் ஏறின. யாரோ ஆபீசுக்கு போன் போட்டு, கடி சாருக்கு என்னவோ ஒட்டுவாரொட்டி என்று சொல்லிவிட்டார்கள்.

மேனேஜரே இறங்கி வந்தார். அவரும் முகக்கவசத்தோடுதான் வந்தார்.

"உப்புக் கட்டி சார்," என்றார் கடி சார்.

"ம்."

அவ்வளவுதான். மேனேஜர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மாவைத் தட்ட ஆரம்பித்தார். அவர் மாவைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

"கோபம் முத்திப்போனா சிலருக்குப் பேச்சு வராது," என்று காதோரம் வந்து ஆறுதல் சொன்னார் மாவு பிசைபவர்.

அரை மணி கழித்து பேக்கிங்காரி கூவினாள். "கிடைச்சிடுச்சு!"

இரண்டு கைகள் ஒரே நேரத்தில் பாய்ந்தன. கடி சார் முந்திக்கொண்டார். மேனேஜர் உள்ளங்கையை நீட்டினார்.

"இல்ல சார், பரிசோதனைக்கு அனுப்பணும்," என்று அதைப் பையில் போட்டுக்கொண்டார். மேனேஜரின் கண் கலங்கினாற்போல இருந்தது. கடி சார், மொத்த மாவும் மாட்டுத் தீவனத்துக்குப் போகட்டும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, அரை நாள் லீவு சொல்லிப் பல் டாக்டருக்கு போன் செய்தார்.

"துண்டைப் பால்ல போட்டு உடனே எடுத்துட்டு வாங்க. ஒட்டிடலாம்," என்றார் டாக்டரம்மா.

ஒட்டவில்லை. அப்படி வைத்துப் பார்த்தார், இப்படி வைத்துப் பார்த்தார்.

"இது உங்க பல்லே இல்லையே. இது யாரோட கீழ்ப்பல்லோ. நிறையக் காப்பி குடிக்கிறவர்."

கடி சார் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. மனைவி.

"ஷாம்பு பாக்கெட்டைக் கடிச்சுப் பிரிக்காதீங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா? பாதிப் பல்லு பாக்கெட்லயே குத்திக்கிட்டு நிக்குது!"

"அப்ப என் பல்லு மாவுல விழவே இல்லையா!" காலையிலிருந்து அடைத்திருந்த மூச்சு ஒரேயடியாக வெளியே வந்தது. வாயை முழுசாகத் திறந்து சிரித்தார். "தாயே, நீ நல்லா இருக்கணும். அதைப் பால்ல போட்டு வை."

கதவைத் திறந்து டோக்கன் கொடுக்கும் பெண் தலையை நீட்டினாள்.

"டாக்டர், முகக்கவசம் போட்ட ஒருத்தர் அழாத குறையா வந்து நிக்கிறார், காலையில மாவுத் தொட்டி மேல குனிஞ்சு ஆளுங்களைத் திட்டறப்போ பல்லு தெறிச்சு விழுந்துடுச்சாம், கஷ்டப்பட்டுத் தேடி எடுத்ததைக் கடி சார்னு எவனோ பிடுங்கிட்டுப் போயிட்டானாம்!"