திறப்பு விழாவுக்குக் காத்திருந்த காந்தம்

சான் ரோமுலோ அரசு மருத்துவமனைக்கு மூளையைத் தட்டி எழுப்பும் காந்தக் கருவி வந்து சேர்ந்ததைப் பொதுமக்களுக்குப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்று அறிவிப்பு எழுதி ஒட்டியவன் நான்தான். வரவேற்பு ஜன்னலில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். இந்த மாதிரிப் பெருமகிழ்ச்சிகளை நிறையவே ஒட்டியாயிற்று.

கத்தி வேண்டாம், ரத்தம் வேண்டாம். தலைமேல் ஒரு வளையத்தை வைத்தால் டக் டக்கென்று தட்டும். பக்கவாதத்தில் விழுந்த கை மெல்ல எழுந்திருக்க வாய்ப்பு உண்டு என்று எங்கள் நரம்பு மருத்துவர் யாமிலே சொன்னாள். முதல் ஆளும் தயாராக இருந்தாள். படகுத்துறையில் முட்டை வைத்த சோள அடை பொரித்து விற்கும் எடில்மா அக்கா. பொரிந்த அடையை எண்ணெயிலிருந்து எடுத்துக் கீறி, உள்ளே முட்டையை ஊற்றி, மறுபடி எண்ணெயில் விடவேண்டும். ஒற்றைக் கையால் ஆகிற காரியமா அது? வலது கை விழுந்து ஒரு மாசம் ஆகியிருந்தது. ஆறு மாசத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் அதிகம் என்றாள் யாமிலே.

ஆரம்பிப்பதில் ஒரே ஒரு சிக்கல். திறப்பு விழா நடக்காத கருவியை நோயாளிக்குப் பயன்படுத்தக் கூடாது. தேர்தல் முடியும்வரை திறப்பு விழாவே நடத்தக் கூடாது. தேர்தலுக்கு இன்னும் நாலு மாசம்.

இதை அக்காவுக்கு விளக்கியவர் எங்கள் நிர்வாகி டாக்டர் லாசிடெஸ். அவர் வக்கீல். எங்கள் ஊரில் டை கட்டினவரெல்லாம் டாக்டர்தான். அக்கா, பாவம், அவரிடம் நாக்கை நீட்டிக் காட்டினாள். அவரும் உற்றுப் பார்த்துவிட்டு, சட்டப்படி ஆட்சேபணை இல்லை என்றார்.

பிறகு தலைநகரிலிருந்து சுற்றறிக்கை வந்தது. மாசம் நூறு மணி நேரம் ஓடாத கருவி திரும்ப எடுத்துக்கொள்ளப்படுமாம். டாக்டர் லாசிடெஸ் ஒரு நாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார். நோயாளிக்குக் கொடுத்தால் அது பயன்பாடு. நோயில்லாதவனுக்குக் கொடுத்தால் அது சோதனை ஓட்டம். சோதனையை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பொதுநலன் கருதி முதல் தலையாகத் தம் தலையையே கொடுத்தார், தியாகி.

யாமிலே எதிர்த்து மூன்று கடிதம் எழுதினாள். மூன்றையும் முத்திரை குத்தி வாங்கி வைத்தேன். அவளை ஆற்றுக்கு அக்கரையில் தடுப்பூசி போட அனுப்பிவிட்டார்கள்.

தமக்கு ஞாபகசக்தி கூடிவிட்டதாக டாக்டர் லாசிடெஸ் எல்லோரிடமும் சொன்னார். என்ன ஞாபகம் வந்தது என்று மட்டும் சொல்லவில்லை. அவ்வளவுதான், மேயரின் மனைவி வந்தாள், நோட்டரி வந்தார், போன வருஷத்துக் கார்னிவல் ராணி தோழிகளோடு வந்தாள். தட்டிக்கொள்ளாத தலை ஒரு தலையா என்று ஆகிவிட்டது. தெருவில் பார்த்தால், சாப்பிட்டாச்சா என்று கேட்பது போய், தட்டிக்கிட்டாச்சா என்று கேட்டார்கள்.

எடில்மா அக்கா வாராவாரம் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டு வெளியே வரும் ஆரோக்கியசாலிகளைப் பார்த்துவிட்டுப் போவாள். ஒரு நாள் டாக்டர் லாசிடெஸை வழிமறித்தாள்.

"என் தலையிலயும் சோதிச்சுப் பாருங்களேன், டாக்டர்."

"உங்களுக்கு நோய் இருக்கேம்மா. கை சரியாயிட்டா அது சிகிச்சை ஆயிடும். சட்ட விரோதம்."

"சரியாகலன்னா?"

"கருவி பழுதுன்னு எழுதணும். அது அதைவிடச் சிக்கல்."

"அப்ப கை சரியானப்புறம் வரேன்."

"தாராளமா வாங்க," என்றார் அவர், மனப்பூர்வமாக. "சோதனைக்கு ஆள் வேண்டியிருக்கு."

அன்றைக்கு அக்கா திட்டிய திட்டை எழுத முடியாது.  நான் அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டேன்.

தேர்தல் முடிந்தது. புது மேயர் பதவியேற்று, தோதான நாள் பார்த்து, திறப்பு விழா வைப்பதற்குள் ஏழாவது மாசம் பிறந்துவிட்டது. பேண்டு வாத்தியம், ரிப்பன், இருநூறு நாற்காலி. யாமிலேயையும் அக்கரையிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். அக்கா வெள்ளைச் சட்டை போட்டு வந்தாள். அவளை நாற்காலியில் உட்கார வைத்து, மேயர் கைதட்டலுக்கு நடுவே பொத்தானை அழுத்தினார். தட்டு விழவில்லை. இந்த வளையத்தின் ஆயுள் முடிந்தது, மாற்றவும் என்று திரையில் எழுத்து வந்தது.

ஒரு வளையம் இத்தனை லட்சம் தட்டுத்தான் தாங்கும், அத்தனையும் சோதனையிலேயே தீர்ந்துவிட்டது என்று யாமிலே மேயரிடம் சொன்னாள். கருவி மிகச் சிறப்பாகச் சோதிக்கப்பட்டிருக்கிறது என்று டாக்டர் லாசிடெஸ் திருத்தினார். புது வளையத்துக்கு டெண்டர் விட எட்டு மாசம் ஆகும்.

அக்கா எழுந்து, தொங்குகிற கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள்.

"என் பங்கை வாங்கிக்கிட்டவங்க எல்லாம் கையைத் தூக்குங்க, பாக்கலாம். உங்களுக்குத்தான் தூக்க வருமே."

இருநூறு பேரில் ஒரு கைகூட எழவில்லை. சோதனை ஓட்டத்தில் என் முறை வெள்ளிக்கிழமைதோறும் மூன்று மணிக்கு இருந்தது. என் கையும் மடியிலேயே கிடந்தது.