கெளுத்தி வெளுத்த படலம்

வெண்மையில் நாற்பத்திரண்டு வகை கண்டவனும், சாம்பலில் பத்தொன்பது பிரித்தவனும், தந்த நிறத்தைப் பால்நிறம் என்று சாதித்த வாடிக்கையாளர் பலரை அட்டை ஒன்றை நீட்டியே அடக்கியவனும், கலவை எந்திரம் பழுதான நாளில் வெறுங்கண்ணால் நிறம் சேர்த்து மூன்று மாடிக் கட்டடத்தின் மானம் காத்தவனும், முன்வழுக்கை மின்ன முழங்கால் வலிக்க நின்றபடியே வாழ்நாளில் பாதியைக் கழித்தவனுமாகிய வீரன் ஒருவனைப் பாடத் துணிந்தேன். பெயின்ட் கடையில் நிறம் கலப்பது அவன் வேலை. "டப்பாவைப் பாத்து முடிவு பண்ணாதீங்க. பக்கத்துல என்ன கலர் இருக்கோ, அதுக்குத் தகுந்த மாதிரி இதுவும் மாறும்" என்பது வருவோர் அனைவருக்கும் அவன் நாள்தோறும் வழங்கும் உபதேசம்.

தொட்டியின் மூலையில் அல்லும் பகலும் குமிழ்களை ஓதிக்கொண்டிருக்கும் காற்று மோட்டாரே, இக்காவியத்துக்கு நீயே துணை. நடந்தவற்றை அருகிருந்து பார்த்தும் புறஞ்சொல்லாத ஒரே உயிரற்ற பொருள் நீ. வீரனின் நெஞ்சுக்குள் ஓடியதெல்லாம் உரைப்பவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்போர் சற்றே பொறுத்தருள்க.

அவன் மனைவி அலுவலகப் பயிற்சிக்காகப் பன்னிரண்டு நாள் வெளியூர் செல்லவிருந்தாள். கூடத்துத் தொட்டியில் ஒன்பது ஆண்டுகளாக அவள் வளர்க்கும் கெளுத்தி ஒன்று வாழ்ந்துவந்தது. நீண்ட மீசையோடு நாளெல்லாம் கல்லடியில் படுத்துக்கிடந்து, தீனி விழும் ஓசைக்கு மட்டும் எழுந்து வருவதால் அதற்குச் சித்தப்பா என்று பெயரிட்டிருந்தாள். யாருடைய சித்தப்பாவை மனத்தில் வைத்து என்பதை அந்த வீட்டில் யாரும் வெளிப்படையாகப் பேசியதில்லை.

முதலில் அவள் தொட்டியைப் பக்கத்து வீட்டில் ஒப்படைக்கவே எண்ணினாள். ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைத் திறந்து நிறுத்தியவன், வளர்ந்துகொண்டிருந்த கொடிக்குப் பாசத்தோடு நீர் வார்த்து வேரை அழுகச் செய்தவன், சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் நேர்வாரிசு தன் கணவன் என்பதை அவள் அறிவாள். வீரனின் முகம் வாடியது.

"ஒரு மீனைக்கூட என்னை நம்பி விட மாட்டியா?"

அவள் தீனி டப்பாவை அவன் கையில் வைத்தாள். "சரி. ஒரு நாளைக்கு ஒரு தடவை தீனி போடுங்க. வேற ஒண்ணுமே பண்ணாதீங்க."

கோட்டை பிடிப்பது எளிது, கடல் தாண்டுவதும் ஒருவாறு இயலும், ஒன்றும் செய்யாமல் இருப்பதோ அவன் குலத்திலேயே எவருக்கும் கைகூடாத கலை. அவள் திரும்பி வந்து வியக்கட்டும் என்று முதல் நாள் மாலையே மூன்று கோபுரமும் ஒரு வாயிலும் உடைய சுட்டமண் கோட்டை ஒன்றை வாங்கிவந்து தொட்டிக்குள் நிறுவினான். சித்தப்பா உள்ளே நுழைந்து பார்த்தார். வெளியே வர அவருக்குச் சிரமமாக இருந்தது. நான்காம் நாள் காலை அவர் முதுகில் வெளிறிய கீற்று ஒன்று தெரிந்தது.

கண்டான் வீரன், கலங்கினான். செதிலற்ற வழுவழுத்த மேனியில் சுண்டுவிரல் நகமளவே இருந்த அந்தக் கீற்று, அவன் கண்ணுக்குப் பெருவழியாய் விரிந்தது. அவன் அஞ்சியது மீனின் சாவுக்கு மட்டுமல்ல. "பக்கத்து வீட்டுலயே குடுத்திருக்கணும்" என்று அவள் சொல்லப்போகும் ஒரு வாக்கியத்துக்கும் அஞ்சினான். எது பெரிய அச்சம் என்று அவனுக்கே தெரியவில்லை.

நோய் நூல்களைக் கைப்பேசியில் புரட்டினான். உப்புத் தூவியதுபோல் புள்ளி இருந்தால் ஒரு பிணி, பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தால் வேறொன்று, பொற்றூள் படிந்ததுபோல் இருந்தால் மூன்றாவது என்று அது ஓதியது. படித்துவிட்டுத் தொட்டியைப் பார்த்தான், மூன்றும் தெரிந்தன. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது மூன்றும் காணாமல் போயின.

"நீர்வாழ் மீசையோனே, கேட்பாயாக! நிறமறிந்த என் கண்ணுக்குத் தப்பிய பிணி இவ்வுலகில் உண்டோ? இன்றே உன்னை வெளிக்கொணர்ந்து வெளிச்சத்தில் ஆராய்வேன்" என்று கூடத்தின் நடுவே நின்று முழங்கினான். கேட்க ஆளில்லாததால் அதைச் சற்று உரக்கவே முழங்கினான்.

பின்னர் நிகழ்ந்ததே பெரும்போர். வலது கையில் வலையும் இடது கையில் குளியலறைக் குவளையும் ஏந்தி, லுங்கியை மடித்துக் கட்டி, நாற்காலி மேல் ஏறி நின்றான் வீரன். கோட்டைக்குள் புகுந்து வாயிலை வாலால் அடைத்தார் சித்தப்பா. வலை வலமாய்ப் பாய, அவர் இடமாய் நழுவ, குவளை கோபுரத்தில் மோத, அலை எழுந்து தரை நனைய, நாற்காலி நடுங்க, முழங்கால் முனக, அரை நாழிகைப் போருக்குப்பின் குவளையே வென்றது. கடையிலிருந்து கொண்டுவந்திருந்த, பெயின்ட் படாத புத்தம்புது வெள்ளை வாளியில் சித்தப்பா சிறைவைக்கப்பட்டார். வீரனின் பனியன் பிழியும்படி நனைந்திருந்தது.

ஆராய்ச்சிக்கு அவன் கையாண்ட ஆயுதம் கடையின் நிற அட்டை. தொட்டியில் இருந்தபோது மீனின் நிறம் 'ஈரக் கற்பலகை'. வாளியில் கால்மணி நேரம் வைத்து அட்டையை ஒட்டிப் பார்த்தால் 'புறாச் சிறகு'. மறுநாள் இன்னும் கவனமாக அரைமணி நேரம் வைத்தான், 'பழைய முத்து'. ஆறாம் நாள் ஒரு மணி நேரம் வைத்ததில் 'ஆறிய பால்' வரை வந்துவிட்டது. தேதியும் நிறமும் எழுதி, வாளியின் பிடியில் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டான். திரும்பத் தொட்டியில் விட்டதும் மீன் மறுபடி கறுத்துவிடுவதையும் அவன் கண்டான். நோய் தனக்கு அஞ்சித் தொட்டிக்குள் ஒளிந்துகொள்கிறது என்பது அவன் முடிவு.

அன்று மனைவி கைப்பேசியில் அழைத்துப் பேசினாள். "சித்தப்பா எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார்."

"குரல் என்ன ஒரு மாதிரி இருக்கு?"

"தொண்டை கட்டியிருக்கு" என்றான். முழங்கியதில் அது உண்மையாகவே கட்டியிருந்தது.

ஏழாம் நாள் வீரன் மருந்து தேடி மீன் கடைக்குப் படையெடுத்தான். நான்கு வகை மருந்தை எடுத்து மேசையில் வைத்தவன், கைப்பேசியில் எடுத்துவைத்திருந்த மீனின் படங்களை ஆதாரமாய்க் காட்டினான். கடைக்காரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"எதுல வச்சு எடுத்தீங்க?"

"வாளியில."

"வெள்ளை வாளியா?"

"ஆமா."

"அதான் வெளுக்குது. கெளுத்தி, கீழ என்ன கலர் இருக்கோ அதுக்குத் தகுந்த மாதிரி மாறிக்கும். பயந்தாலும் வெளுக்கும். நீங்க ரெண்டையும் சேத்துச் செஞ்சிருக்கீங்க." அவர் மருந்துகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திருப்பி வைத்தார். "இதுல ஒண்ணை ஊத்தியிருந்தாலும் போயிருக்கும். செதில் இல்லாத மீனு, தாங்காது. அந்தக் கீற்று உரசல்தான். உள்ள புதுசா ஏதாவது வச்சீங்களா?"

வீரனின் கண் அலமாரியில் அடுக்கியிருந்த சுட்டமண் கோட்டைகள் மேல் போயிற்று.

"எடுத்துடுங்க, தன்னால ஆறிடும்." அப்புறம் அவர் அவனை உற்றுப் பார்த்தார். "நீங்க பெயின்ட் கடையில இருக்கவர்தானே? போன வருஷம் இந்தச் சுவத்துக்கு நீங்கதான் கலர் கலந்து குடுத்தீங்க. பக்கத்துல இருக்கிறதுக்குத் தகுந்த மாதிரி கலர் மாறும்னு அரைமணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தீங்களே."

நாற்பத்திரண்டு வெண்மைகளையும் அறிந்தவன் முகத்தில் நாற்பத்து மூன்றாவது வெண்மை அப்போது தோன்றியது. வீடு சேர்ந்ததும் கோட்டையைப் பெயர்த்தெடுத்துக் குப்பைக் கூடையில் போட்டான். பின் தொட்டியின் முன் சம்மணமிட்டு அமர்ந்து, மிச்சமிருந்த ஐந்து நாளும் தீனி போட்டதைத் தவிர எதுவும் செய்யவில்லை. அது அவனுக்கு வலித்தது. மாலைகளில் சித்தப்பா கண்ணாடியோரம் வந்து மீசையால் தடவிப் பார்ப்பார். ஒன்பது ஆண்டில் அவரை அவன் இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை, பார்த்ததும் பிடித்துப்போயிற்று.

பன்னிரண்டாம் நாள் தலைவி திரும்பினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டியருகே குனிந்தாள். ஈரக் கற்பலகை நிறத்தில் மாசு மறுவின்றி மிதந்து வந்தார் சித்தப்பா.

"பரவாயில்லையே" என்றாள் அவள். "நிஜமாவே ஒண்ணும் பண்ணாம இருந்திருக்கீங்க."

அந்தோ, ஈரேழு உலகமும் திரண்டு சூட்டும் வாகையினும் பெரிதான அச்சொல்லைச் செவியேற்ற வீரன், மெய்யை உரைப்பதா, மாலையைச் சுமப்பதா என்று உள்ளம் இரண்டாகிப் பிளக்க நின்றான். முகம் கழுவப் போன அவள், பிடியில் நிற அட்டை தொங்கும் வெள்ளை வாளியோடு திரும்பி வந்தாள். தேதிகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். 'ஆறிய பால்' என்ற இடத்தில் நிறுத்தி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

போன திங்கட்கிழமை அவள் மறுபடியும் பயிற்சிக்குப் போயிருக்கிறாள், தொட்டி பக்கத்து வீட்டில் இருக்கிறது, சாயங்காலம் நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.